நான்காம் படிக்கு மேல் ஒரு கோடு

மார்னி லாங்சேத் எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவள். கில்மர் ஊர்ப் பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியதில் வந்த பழக்கம் அது. வேட்டைக் காலத்தில் யாராவது தங்கள் மேய்ச்சல் நிலத்தின் வழியே போகவிட்டால், வாரம் முடிவதற்குள் அவர்களுடைய தபால் பெட்டியில் அவளது நன்றி அட்டை கிடக்கும். கல்யாணத்தன்று பாதிரியாருக்கே அட்டை அனுப்பியிருப்பாள் என்று ஊரில் அவள் கணவன் ராய்ஸைக் கேலி செய்வார்கள். அனுப்பியிருந்தாள் என்பதுதான் உண்மை.

அந்த வருஷம் ஜூனில் அவளுக்கு மலையாட்டுக் கடா வேட்டைக்கான உரிமம் குலுக்கலில் விழுந்தது. இருபத்து மூன்று வருஷமாகப் பெயர் போட்டு வந்தாள். மொன்டானா மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் பெயர் போடுகிறார்கள். மேற்கே தெரியும் அந்த மலைச்சுவருக்குக் கொடுப்பதோ ஐந்தாறு பேருக்கு. பெயர் போட்டுப் போட்டே காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள் ஊர்க் கல்லறையில் பாதிப் பேர் இருப்பார்கள். ஒருமுறை கிடைத்தால் அதோடு சரி, இன்னொரு முறை என்று யாரும் கனவுகூடக் காண்பதில்லை. செய்தி வந்ததும் ராய்ஸ் போட்ட சத்தத்தில் நாய் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

துப்பாக்கி ஏற்கனவே தயாராக இருந்தது. பிப்ரவரியில் அவளுடைய நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு ராய்ஸ் வாங்கித் தந்தது. அவள் கைக்கு ஏற்றபடி தோளில் பதிக்கும் மரக்கட்டை குட்டை, குழலும் இரண்டு அங்குலம் குட்டை. தோட்டாவை மட்டும் அவன் கடையில் வாங்கமாட்டான். டீசல் மெக்கானிக், தன் கையால் செய்யாத எதையும் நம்பாதவன். கராஜில் வண்டிக்கு ஒதுக்கிய இடத்தைவிடத் தோட்டா கட்டும் மேசைக்கு ஒதுக்கிய இடம் அதிகம். பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் ஊசி குத்தினால் தீப்பற்றும் பொட்டை வைத்து, மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை அழுத்தி மூடுவான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அடுத்தபடி அவன் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடம் அதுதான்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஏற்றின மருந்து கூடுதலா, குறைவா, பத்திரமா என்று வெடிக்கும் முன் யாராலும் சொல்ல முடியாது. தோட்டாவுக்குள் அழுத்தமானி வைக்க வழியில்லை. மருந்து விற்கிறவர்கள் போடும் கையேடு ஓர் எல்லை சொல்லும். ஆனால் அது அவர்களுடைய குழலுக்குச் சொன்னது. ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு விதம். அதனால் அடிமட்டத்தில் தொடங்கி, மருந்தைத் துளித்துளியாக ஏற்றி, படிப்படியாகச் சுட்டுப் பார்ப்பார்கள். சுட்டு முடித்த கூட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். பொட்டு தட்டையாகிப் போயிருக்கிறதா? அடியில் பளபளவென்று பிறைத் தழும்பு விழுந்திருக்கிறதா? குழலின் பின்வாயை மூடித் திறக்கும் தாழ்ப்பாளான போல்ட்டைத் தூக்கும்போது கை தடுக்குகிறதா? செத்தவன் முகத்தைப் பார்த்து நோயைச் சொல்வது மாதிரி, எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஊகிப்பதுதான்.

மார்ச் மாதத்தில் ராய்ஸ் அப்படி ஏழு படி ஏறினான். உறைபனி இன்னும் விடாத காலை. அவன் சுட, மார்னி வேகமானியின் பக்கத்தில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதினாள். அவளுக்கு அந்த எண்களின் அர்த்தம் தெரியாது. எழுதச் சொன்னான், எழுதினாள். பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதுகிற அதே ஒழுங்கில் மூன்று கட்டம் போட்டாள்: படி, வேகம், போல்ட். மூன்றாவது கட்டம் அவளாகவே சேர்த்தது. படிக்கு ஒரு முறை போல்ட் எப்படித் திறந்தது என்று அவனைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஏழாவது படியில் பொட்டு தட்டையாகிவிட்டது. ராய்ஸ் ஒரு படி இறங்கி ஆறாவதை எடுத்துக்கொண்டான். அதன் வேகத்தைக் கண்டு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கையேடு சொன்ன உச்சத்தைவிட விநாடிக்கு எண்பத்தைந்து அடி அதிகம்.

"சில குழல் அப்படித்தான் பொறக்கும். குண்ட வேகமா துப்புற குழல்; ஓடுற குழல் இது. நமக்கு அதிர்ஷ்டம்" என்றான்.

மார்னி அதையும் எழுதிக்கொண்டாள். ஜூனில் உரிமம் வந்ததும் அந்த ஆறாவது படியிலேயே நாற்பது தோட்டா கட்டி, சின்னப் பெட்டியில் அடுக்கி, அவளிடம் கொடுத்தான். மலையாடு எட்டத்தில்தான் நிற்கும். எட்டத்துக்கு வேகம் வேண்டும் என்றான். மோதிரம் கொடுத்தபோதுகூட அவன் முகம் அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவர்கள் பயிற்சிக்காக ஊர்ச் சுடுகளத்துக்குப் போனார்கள். கோதுமை அறுத்து முடிந்த வயல்களின் நடுவில் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. அதில் பத்து மேசை. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நாய் தோட்டாப் பெட்டியை முகர்ந்துகொண்டே வந்ததால், மார்னி அதை எடுத்து வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். நாற்பது நிமிஷப் பயணம். இறங்கும்போது பெட்டி கையைச் சுட்டது.

அவள் உட்கார்ந்து, மூச்சை விட்டு, முதல் தோட்டாவைச் சுட்டாள். இருநூறு கெஜத்தில் அட்டையின் நடுவே ஓட்டை. நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைத் தூக்கப் போனாள், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தாள். பிடித்து வைத்த மாதிரி நின்றது.

பக்கத்தில் நின்ற ராய்ஸ் அறுவடைத் தூசி புகுந்திருக்கும் என்றான். குனிந்து, உள்ளங்கையால் கைப்பிடியின் அடியில் பட்டென்று ஓர் அடி வைத்தான். திறந்துகொண்டது. கூடு வெளியே வந்து விழுந்தது.

இரண்டாவது தோட்டாவும் அப்படியே. இந்தத் தடவை இரண்டு அடி. மூன்றாவதை உள்ளே தள்ளி, கன்னத்தைக் கட்டையில் பதித்தபோது, அவளுடைய வலக்கண்ணுக்கும் அந்த போல்ட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. பிற்பாடு அவள் நினைத்து நினைத்துப் பார்த்தது அந்த நான்கு விரலைத்தான்.

"நிறுத்துங்க!"

அந்தச் சுடுகளத்தில் ஒரு வழக்கம். நிறுத்து என்று யாரும் சொல்லலாம்; சின்னவர் பெரியவர் இல்லை. சொன்னால், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. எல்லாத் துப்பாக்கியையும் திறந்து வைத்து, கையை எடுத்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகுதான் கேள்வி. மார்னி தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுப் பின்வாங்கினாள். ஒன்பது பேர் வரிசையாக வந்து நின்றார்கள். கூப்பிட்டது கடைசி மேசையில் இருந்த லோர்னா பிர்க். ஊரில் வேட்டை இறைச்சி வெட்டிக் கட்டித் தருகிற கடைக்காரி. மார்னியைவிட ஏழெட்டு வயது இளையவள். பனைமரத்தைப் போல நெட்டை.

லோர்னா நேரே ராய்ஸிடம் வந்தாள். "ஏம்ப்பா, அது போல்ட்டா, இல்ல ஒட்டகத்து முதுகா? அந்தத் தட்டுத் தட்டுற?"

"தூசி" என்றான் ராய்ஸ்.

"என் காதுக்கு அது தூசி மாதிரி கேக்கல. கைத்தட்டு சத்தம் ரெண்டாம் தடவை கேட்டதுமே நான் என் துப்பாக்கிய வெச்சுட்டேன்." குனிந்து தரையில் கிடந்த இரண்டு கூடுகளையும் எடுத்தாள். முதலாவதைத் திருப்பிக் காட்டினாள். அடியில் நகக்கண் அளவுக்குப் பளபளவென்று ஒரு பிறை. இரண்டாவதைத் திருப்பியபோது அதன் பொட்டு தானாகக் கழன்று, சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அத்தனை சின்னச் சத்தம். ஒன்பது பேருக்கும் கேட்டது.

பொட்டு கூட்டை விட்டுக் கழல்கிறது என்றால், பித்தளையே இளகிவிட்டது என்று அர்த்தம்; அடுத்த வெடிப்பு பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு சுடுகிறவர் முகத்துக்கே வந்துவிடலாம். அதற்கு மேல் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ராய்ஸுக்கும் தேவைப்படவில்லை, ஆனால் எட்டுப் பேர் முன்னால் ஒப்புக்கொள்ள அவனுக்கு நா எழவில்லை. இது ஓடுற குழல், வெயிலில் பெட்டி சூடேறிவிட்டது, பித்தளை மட்டமான சரக்கு என்று அடுக்கினான்.

லோர்னா கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ போன வருஷம் கொண்டாந்த மான் ஞாபகம் இருக்கா? குண்டு போன வேகத்துல முன்தொடை ரெண்டும் ரத்தம் கட்டி, நாய்க்குப் போட்டேன். இந்த ஊர்ல யார் குண்டு எவ்வளவு வேகத்துல போகுதுன்னு என் கத்திக்குத் தெரியும், ராய்ஸு. வேகத்தை யாரும் சும்மா குடுக்கமாட்டாங்க." பிறகு மார்னியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு நீ இதச் சுடாத. என்மேல கோவம்னா நாளைக்கு வந்து திட்டு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மார்னிக்கு உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. பெட்டியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தது அவள்தானே? அதைச் சொன்னாள். ராய்ஸ் அதையே பிடித்துக்கொண்டான். அதுதான், வெயில்தான், செப்டம்பர் மலையில் இந்தச் சூடு இருக்காது, கவலையை விடு என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. ஆனால் கன்னத்தைக் கட்டையில் வைக்கப்போவது அவன் இல்லையே. இருபத்தைந்து வருஷத்தில் அவன் மாட்டிய சக்கரத்தையோ போட்ட பிரேக்கையோ அவள் ஒருமுறைகூடச் சந்தேகித்தது கிடையாது. இப்போது சந்தேகிக்கிறாள் என்பது அவளுக்கே பயமாக இருந்தது. உரிமம் ஒரே ஒரு தடவை. இன்னும் ஆறு வாரம். இந்தத் தோட்டாவோடு மலையேறினால், கடா கண்முன்னால் நிற்கும்போது தன் விரல் விசையில் நடுங்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு லோர்னாவின் கடைக்குப் போனாள். லோர்னா தொத்திறைச்சிக்குப் போடும் மிளகைக் கைநிறைய வைத்துக்கொண்டு நின்றாள். மார்னி வெயிலைப் பற்றிக் கேட்டாள்.

"வெயில் ஒண்ணும் பண்ணல. காட்டிக்குடுத்துச்சு, அவ்வளவுதான்" என்றாள் லோர்னா. மருந்து சூடானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைத் தாங்க மேலே கொஞ்சம் இடம் விட்டுக் கட்டியிருந்தால் தோட்டா சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். இது ஏற்கனவே விளிம்பில் நின்றிருக்கிறது. பிறகு கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினாள். மூன்று கட்டத்தையும் பார்த்து அவள் புருவம் ஏறியது. இந்த ஊரில் இப்படி எழுதி வைக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை என்றாள். பிறகு இரண்டே இரண்டு கேள்வி கேட்டாள். கையேட்டில் உச்ச வேகம் எவ்வளவு? உன் எண் எந்தப் படியில் அதைத் தாண்டுகிறது?

மார்னி விரலை வைத்துப் பார்த்தாள். நான்காவது படி உச்சத்துக்குப் பத்தடி கீழே. ஐந்தாவது முப்பதடி மேலே.

"இன்னொண்ணு. கையேட்டுக்காரன் குழல விட உன் குழல் ரெண்டு அங்குலம் குட்டை. குட்டைக் குழல்ல வேகம் குறையணும். உனக்குக் கூடுது. அந்தக் கூடுதல் எங்கேருந்து வருதுன்னு நினைக்கிற? உள்ள அமுக்குற அமுக்குல இருந்துதான். பொட்டு பொய் சொல்லும், பித்தளை சில சமயம் வாயே திறக்காது. வேகம்தான் முதல்ல ஒளறும்."

மார்னி மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். அவள் கையெழுத்து. முதல் நான்கு படிக்கும் 'லேசு'. ஐந்தாவது படிக்கு 'சற்று இறுக்கம் (குளிர்?)'. ஆறாவதற்கு 'இறுக்கம். ரா: எண்ணெய் உறைந்திருக்கும்'. அதற்குக் கீழே, 'ரா: ஓடுற குழல், அதிர்ஷ்டம்'. மார்ச் மாதமே துப்பாக்கி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. குளிர் என்று ஒரு சமாதானம், எண்ணெய் என்று ஒரு சமாதானம், தூசி என்று ஒன்று. அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போட்டு அந்தச் சமாதானத்தைத் தொடங்கி வைத்தவள் அவளேதான்.

லோர்னாவின் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி, நான்காம் படிக்கு மேல் ஒரு கோடு இழுத்தாள். ஒரே கோடு. அளவுகோல் வைத்து.

அன்று மாலை சாப்பாட்டுக்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே, குறிப்பேட்டைக் கொண்டுபோய் கராஜ் மேசையில் விரித்து வைத்தாள். ராய்ஸ் பார்த்தான். இறைச்சிக்காரி பேச்சைக் கேட்டுக்கொண்டு என்று தொடங்கினான். மார்னி எதிர்த்துப் பேசவில்லை. "நான் சொல்றத நம்ப வேணாம், அவ சொல்றதயும் நம்ப வேணாம். நீ அளந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சுட்ட இரண்டு கூடுகளையும் அவன் முன்னால் வைத்தாள்.

வீம்பு பிடித்தவன்தான். ஆனால் அளவுக்கருவியோடு வீம்பு பண்ணமாட்டான். மைக்ரோமீட்டரை எடுத்து, புதுக் கூட்டின் அடியை அளந்தான். சுட்ட கூட்டை அளந்தான். மறுபடியும் அளந்தான். சுட்டதன் அடி வீங்கியிருந்தது. பிறகு பொட்டு கழன்ற கூட்டில் புதுப் பொட்டு ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். பிரஸ்ஸின் நெம்புகோலைப் போட்டு அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பொட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிற்று. கூட்டைக் கவிழ்த்தான். பொட்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பொட்டை மேசை விளிம்பில் எடுத்து வைத்தான்.

"நாலு வருஷம் முன்னாடி அந்த எல்க் மானை நீ தவறவிட்ட இல்ல" என்றான். "தூரத்தைக் குறைச்சுக் கணிச்சுட்ட. குண்டு காலுக்கு அடியில போச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் நீ யார்கிட்டயும் பேசல. இந்தத் தடவை நீ கணக்குல கொஞ்சம் பிசகினாக்கூட குண்டு நேரா போகணும்னு நினைச்சேன். வேகம் இருந்தா பிசகைத் தாங்கும். அதுக்குத்தான்."

மார்னிக்கு அது தெரியாது. ஆறாவது படியை அவன் தன் பெருமைக்குத்தான் எடுத்தான் என்று மூன்று நாளாக மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தாள். அவன் தோளில் கையை வைத்தாள்.

"வேகத்துக்குப் பதிலா நான் நடக்கிறேன்" என்றாள். "கிட்ட போய்ச் சுடுறேன்."

"மலையாட்டுக்கா? நாள் முழுக்கத் தவழணும்."

"தவழ்றேன். கண்ணு ரெண்டும் இருந்தாத்தானே போற வழி தெரியும்."

அவன் சிரிக்க முயன்றான். சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்ததும் மீதி முப்பத்தெட்டுத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். சுத்தியல் மாதிரி இருக்கும் ஒரு கருவியில் தோட்டாவைப் பூட்டி மரக்கட்டையில் ஓங்கி அடிக்க வேண்டும். மூன்று நான்கு அடியில் குண்டும் மருந்தும் பிரிந்து வரும். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மார்னிக்கு அந்த அடி எல்லாம் கேட்டது. கட்டியது போல இரண்டு மடங்கு நேரம் கழற்ற ஆயிற்று. நடுவில் ஒரு தடவைகூட அவன் கதவைச் சாத்தி ஓசைப்படுத்தவில்லை, வாயைத் திறந்து சலித்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சுடுகளம். வேண்டுமென்றே உச்சிவெயிலில் போனார்கள். ராய்ஸ் முதல் மூன்று படிகளுக்கு மட்டுமே தோட்டா கட்டியிருந்தான். நான்காவது ஏன் இல்லை என்று மார்னி கேட்டதற்கு, நீ கோடு போட்ட இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை என்றான். லோர்னா தன் மேசையை விட்டு எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். மார்னி மூன்றாவது படியைச் சுட்டாள். வேகமானி கையேட்டின் உச்சத்துக்கு முப்பத்தைந்தடி கீழே காட்டியது. சுட்டுவிட்டுப் போல்ட்டைத் தொட்டாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போதுமாக இருந்தது.

"ரெண்டு விரல்" என்றாள் லோர்னா. ராய்ஸின் பக்கம் திரும்பி, "உன் உள்ளங்கைக்கு இனி வேலையில்ல. வீட்டுல பாத்திரம் தேய்க்கச் சொல்லு" என்றாள். ராய்ஸ் காது சிவந்தாலும், கூட வந்து உதவியதற்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். எட்டுப் பேர் பார்க்கத்தான் குலுக்கினான்.

செப்டம்பர் மூன்றாவது வாரம், வேட்டையின் நான்காம் நாள் காலை, பாறைச் சரிவில் மூன்று கடாக்களைத் தொலைநோக்கியில் பிடித்தான் ராய்ஸ். பெரியதன் கொம்பு முழு வளையம் சுற்றி, கன்னத்தைத் தாண்டி ஏறியிருந்தது. தூரம் நானூற்று இருபது கெஜம். அவன் எண்ணைச் சொன்னான். ஆறாவது படி கையில் இருந்தால் இங்கிருந்தே முயன்றிருக்கலாம் என்று இருவர் மனதிலும் ஓடியிருக்கும். மார்னி பையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, இடப்பக்கத்து ஓடைப் பள்ளத்தில் இறங்கினாள்.

இரண்டரை மணி நேரம். முழங்காலும் முழங்கையும் சிராய்த்தன. ஒரு தடவை காற்று பிடரியில் பட்டது. அவள் வாடை கடாக்களை எட்டிவிட்டால் எல்லாம் போச்சு. இருந்த இடத்திலேயே கால்மணி நேரம் முகத்தைக் கல்லில் வைத்துக் கிடந்தாள். காற்று திரும்பியதும் மேலே தவழ்ந்தாள். பள்ளத்தின் விளிம்பில் தலையை மெல்லத் தூக்கியபோது கடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நூற்றுத் தொண்ணூறு கெஜம். கொம்பின் நுனி தேய்ந்து பிளந்திருந்ததுகூடத் தெரிந்தது. அது எழுந்து பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தாள். கன்னம் கட்டையில் பதிந்தபோது விரலில் நடுக்கம் இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுட்டாள்.

கடா இரண்டு அடி வைத்து, முன்கால் மடங்கி, அப்படியே அமர்ந்துவிட்டது. பழக்கத்தில் கை போல்ட்டுக்குப் போயிற்று. இரண்டு விரல். எண்ணெய் தடவின கதவைப் போலத் திறந்து, சூடான கூடு அவள் பக்கத்திலிருந்த புல்லில் விழுந்தது. அடுத்த தோட்டாவை ஏற்றிக் காத்திருந்தாள். தேவைப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. கடாவுக்கா, இருபத்து மூன்று வருஷத்துக்கா, அந்த நான்கு விரல் இடைவெளிக்கா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ராய்ஸ் மூச்சு வாங்க ஏறி வந்து சேர்ந்தபோது அவள் செய்த முதல் காரியம், புல்லில் தேடி அந்தக் கூட்டை எடுத்து அவனிடம் நீட்டியதுதான். அவன் அடியைத் திருப்பிப் பார்த்தான். பொட்டு வட்டமாக, விளிம்பு மழுங்காமல், வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பிறை இல்லை. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். கடாவுக்கு முன்னால் கழற்றுவது வழக்கம்தான், ஆனால் அவன் அப்போது கடாவின் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

லோர்னா இறைச்சியை வெட்டினாள். முன்தொடை இரண்டும் ரோஜா மாதிரி சுத்தமாக இருக்கின்றன, நாய்க்கு இந்த வருஷம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் மார்னி வழக்கம்போல அட்டை எழுத உட்கார்ந்தாள். நிலத்தின் வழியே விட்ட பண்ணைக்காரருக்கு ஒன்று, கடாவைக் கீழே இறக்கக் கோவேறு கழுதை தந்த மைத்துனனுக்கு ஒன்று. இரண்டும் பத்து நிமிஷத்தில் முடிந்தன. மூன்றாவதற்கு நான்கு அட்டை வீணாயிற்று. லோர்னாவுக்கு நீளமாக எழுதத் தொடங்கி, கிழித்து, கடைசியில் தேதி போட்டு ஒரே வரி எழுதினாள்: "இதை இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதுகிறேன்." உறைக்குள் அந்தக் கூட்டையும் போட்டு ஒட்டினாள். லோர்னா அதைக் கடையில் தராசுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினாள் என்று பிறகு கேள்விப்பட்டாள். தோட்டா கட்டுகிற எவனாவது வேகத்தைப் பற்றிப் பெருமையடிக்கத் தொடங்கினால் அவள் கத்தியால் அந்தக் கூட்டைத் தட்டிக் காட்டுகிறாளாம்.

நான்காவது அட்டையை எழுதியது யாருக்கும் தெரியாது. முப்பத்தெட்டுத் தோட்டாவை ஒரு சொல் முணுமுணுக்காமல் கழற்றியதற்கும், தான் சொன்னதை நம்பாமல் அளந்து பார்த்ததற்கும், அளந்த பிறகு நம்பியதற்கும் நன்றி என்று எழுதி, ராய்ஸின் மதிய உணவுப் பெட்டியில், ரொட்டிக்கும் ஆப்பிளுக்கும் நடுவே செருகி வைத்தாள்.

அவன் மாலை வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கை கழுவினான், சாப்பிட்டான், நாயை வெளியே விட்டான். மார்னி பெட்டியைக் கழுவ எடுத்தபோது அட்டை அதற்குள்ளேயே திரும்பி வந்திருந்தது. பின்பக்கத்தில் டீசல் மசி படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று. அதற்குக் கீழே அவனுடைய பெரிய, அழுத்தின எழுத்து:

"நீ கோடு போட்டதுக்கு நன்றி. ரொட்டில கடுகுச் சாந்து தடவ மறந்துட்ட."

மார்னி அட்டையைத் துடைத்து, குறிப்பேட்டைத் திறந்து, அந்தக் கோடு இருக்கிற பக்கத்தில் வைத்து மூடினாள். மறுநாள் ரொட்டியில் கடுகு இரண்டு பக்கமும் தடவியிருந்தது.